பத்து இடம் வேண்டாம், கழிப்பறை எங்கே என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை தொடங்கினால் போதும், 'குழந்தைகளோடு பெருநகரில் ஒரு நாள்: பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்கிற மாதிரிப் பட்டியல்கள் நாளிதழ் இணைப்புகளில் தவறாமல் வந்துவிடுகின்றன. படங்கள் அழகாக இருக்கும். திறக்கும் நேரமும் நுழைவுக் கட்டணமும் இருக்கும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய எதுவும் இருக்காது. கழிப்பறை வாசலிலேயே இருக்கிறதா, உள்ளே மூன்றாம் மாடியிலா? ரயில் நிலையத்திலிருந்து எத்தனை மீட்டர் நடக்க வேண்டும், வழியில் நிழல் உண்டா? லிஃப்ட் எந்த வாயிலில்? இது தெரியாமல் போனால் பத்தில் இரண்டைக்கூட உருப்படியாகப் பார்க்க முடியாது.

நெதர்லாந்தின் பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை 2016இல் 'அர்பன்95' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. 95 செ.மீ. என்பது ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தையின் உயரம். அந்த உயரத்திலிருந்து நகரம் எப்படித் தெரிகிறது என்று நகரங்களைத் திட்டமிடுபவர்கள் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெற்றோரும் ஒருமுறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்கலாம். கூட்டத்தில் தெரிவதெல்லாம் முழங்கால்களும் கைப்பைகளும்தான். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலை தெரியாது, கூரை விளக்கின் பிம்பம்தான் தெரியும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆற்றை மறைத்துவிடும். சாலையோரத்தில் வண்டியின் புகைக்குழாய் மூக்குக்கு நேராக இருக்கும். 'இவ்வளவு தூரம் கூட்டி வந்தும் எதையும் பார்க்க மாட்டேன் என்கிறதே' என்று அலுத்துக்கொள்வதற்கு முன்னால், அதன் கண்ணுக்கு என்ன எட்டுகிறது என்று குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது நடை. கைபேசி வரைபடம் காட்டும் நடை நேரம் பெரியவர்களுக்கானது, கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். மூன்று வயதுக் குழந்தையோடு போனால் அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். கால் குட்டை என்பது பாதிக் காரணம்தான். சாக்கடை மூடியின் துளைகள், சுவரோரம் போகும் எறும்பு, குப்பை வண்டி, சாலை போடும் இயந்திரம் என்று நின்று நின்று பார்ப்பது மீதிக் காரணம். குழந்தைக்கு அதுதான் ஊர் பார்ப்பது, கோபுரமும் கோட்டையும் நமக்குத்தான். ஆகவே நாளை மூன்றாகப் பிரித்துத் திட்டமிட்டால் போதும்: ஒரு இடம், ஒரு பயணம், ஓடியாட ஒரு திறந்தவெளி. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

அவசரத்தில் பலர் செய்யும் தவறு, பின்தங்கும் பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது. ஒன்று முதல் நான்கு வயதுவரை முழங்கையில் எலும்பின் தலைப்பகுதியைச் சுற்றியிருக்கும் தசைநார் இளகலாக இருக்கும். கை நீட்டிய நிலையில் திடீரென்று இழுத்தால் எலும்பு அதிலிருந்து நழுவிவிடும். வீக்கம் இருக்காது. ஆனால் குழந்தை அந்தக் கையை அசைக்காமல் உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அழும். மருத்துவர் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார், நாமே திருகிப் பார்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஊஞ்சல் ஆட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. நடக்க முடியாத பிள்ளையை உப்புமூட்டை தூக்கிக்கொள்வதே மேல்.

நேரத்தைத் தீர்மானிப்பது தூக்கம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. ஒன்று, இரண்டு வயதினருக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரம். பகல் தூக்கத்தைத் தவறவிட்டால் மாலையில் வரும் அடத்துக்கு எந்தப் பொம்மையும் மருந்தாகாது. எனவே பார்க்கும் இடம் கதவு திறக்கும்போதே போய்ச் சேர்ந்து, தூங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் திரும்பும் வண்டியில் ஏறிவிட வேண்டும். வண்டியில் தூங்கிப்போனால் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுப்புங்கள். கதவு திறந்த பிறகு எழுப்பினால் தூக்கக் கலக்கத்தோடு ஒரு செருப்பும் பின்தங்கும்.

அதே வழிகாட்டுதல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளுவண்டியில் கட்டிப்போடக் கூடாது என்றும் சொல்கிறது. தள்ளுவண்டி கொண்டுபோவோர் இதை மறந்துவிடுகிறார்கள். வண்டி ஒரே கையால் மடக்கக்கூடியதாக இருக்கட்டும், இன்னொரு கையில் குழந்தை இருக்கும். கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிட்டால் குழந்தை இறங்கிய மறுகணம் வண்டி பின்பக்கமாகக் கவிழும். நடைபாதையிலிருந்து இறங்கும்போது வண்டியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் இறங்கும்படி நாம் பின்னோக்கி இறங்க வேண்டும். வெயிலுக்கென்று துணியால் முழுக்க மூடுவது ஆபத்து. காற்றோட்டம் நின்று உள்ளே வெளியைவிடச் சூடேறிவிடும். எல்லாவற்றையும்விட மோசமான பழக்கம், சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போது வண்டியின் முன்பகுதியை நடைபாதைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. நமக்கு முன்னால் சாலையில் நிற்பது குழந்தை.

எஸ்கலேட்டரில் தள்ளுவண்டியை ஏற்றவே கூடாது, லிஃப்ட் எங்கே என்று கேட்டுத் தேடிப் போகத்தான் வேண்டும். நடக்கும் பிள்ளையானாலும் பக்கவாட்டுத் தகட்டை ஒட்டி நிற்கவிடாமல் படியின் நடுவில், முன்னோக்கி நிறுத்த வேண்டும். மென்மையான ரப்பர் செருப்புகள் அந்தத் தகட்டில் உரசிப் படிக்கும் சுவருக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். அவிழ்ந்து தொங்கும் ஷூ கயிறும் அப்படியே. அடியிலும் உச்சியிலும் நிறுத்தப் பொத்தான் இருக்கும், ஏறுவதற்கு முன் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

சாலை கடப்பதில் 'பார்த்துப் போ' என்று சொல்லிவிட்டு நம்பக் கூடாது. ஸ்வீடன் உளவியலாளர் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960களிலேயே தன் ஆய்வுகளின் வழியே இதை வலியுறுத்தினார்: சிறு குழந்தைகளைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி பழக்கிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் அந்த வயதில் இருப்பதில்லை. கையைப் பிடித்தால் விரல்களை மட்டும் பிடிக்காமல் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடியுங்கள், வியர்த்த விரல் நழுவும்.

இனி, கடிதத்தின் தலைப்புக்குக் காரணமான கழிப்பறை. 'வருதா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'இல்லை' என்றுதான் சொல்லும், பத்து நிமிடத்தில் துள்ளும். கேட்காமல் ஒன்றரை மணிக்கு ஒருமுறை 'போய்விட்டு வருவோம்' என்று கூட்டிப்போவதே வழி. ஓர் இடத்துக்குள் நுழைந்ததும் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை கட்டாயம். பொதுக் கழிப்பறையில் குழந்தைகள் முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சத்தம். தானாகத் தண்ணீர் கொட்டும் வகைக் கழிப்பறையில், குழந்தை சிறியதாக இருப்பதால் சென்சார் ஏமாந்து, உட்கார்ந்திருக்கும்போதே பீய்ச்சியடிக்கும். பயந்த பிள்ளை அன்று முழுக்க அடக்கிக்கொள்ளும். சென்சாரின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கை உலர்த்தும் இயந்திரம் பக்கம் போகாமல் கைக்குட்டையால் துடைத்துவிடுங்கள். பெரிய இருக்கையில் பக்கவாட்டில் உட்காரவைத்தால் உள்ளே விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்காது. பையில் இரண்டு கால்சட்டை, ஒரு மேல்சட்டை, ஈரத்துணி போட ஒரு கவர். பெரியவருக்கும் ஒரு மாற்றுச் சட்டை வைத்துக்கொள்ளலாம், தூக்கி வைத்திருப்பவர் மேல்தான் எல்லாம் ஆகும்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் பழகியது, கையில் ஒட்டாதது, பசிப்பதற்கு முன்பே கொடுப்பது. ஓடிக்கொண்டே தின்னவிடாதீர்கள், உருண்டையான பழங்களை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும்.

பயணத்தையே ஒரு காட்சியாக எண்ணுவோர் குறைவு. நெரிசல் இல்லாத முற்பகலில் பேருந்திலோ ரயிலிலோ சன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவது நான்கு வயதுக்கு முழுமையான உலா. கூட ஆறேழு வயது அண்ணனோ அக்காவோ இருந்தால் நிறுத்தங்களை எண்ணும் பொறுப்பைக் கொடுங்கள், 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்ற நச்சரிப்பு நிற்கும். அருங்காட்சியகத்திலும் ஒரே ஒரு கூடம், முக்கால் மணி நேரம், தேட ஒரு பொருள் போதும். 'எத்தனை சிங்கம் இருக்கிறது, கண்டுபிடி' என்றால் கால் வலிப்பதை மறந்துவிடும். கிளம்பும்போது 'இன்னும் ஐந்து நிமிடம்' என்பது அந்த வயதுக்குப் புரியாது. 'இன்னும் இரண்டு தடவை சறுக்கிவிட்டு' என்றால் புரியும்.

குழந்தை கூட்டத்தில் தொலைவதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் முன்னேற்பாடு ஐந்து நிமிட வேலை. கிளம்பும் முன் அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம் மறந்துபோகும். கைபேசி எண்ணைப் பேனாவால் முன்கையில் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். 'அம்மா' என்று கத்தினால் கூட்டத்தில் பத்துப் பேர் திரும்புவார்கள், எனவே அம்மா அப்பாவின் முழுப் பெயரைச் சொல்லப் பழக்க வேண்டும். 'முகம் தெரியாத யாரோடும் பேசாதே' என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, உதவ வருபவரைப் பார்த்தும் ஒளிந்துகொள்ளும். 'காணோம் என்றால் நின்ற இடத்திலேயே நில், குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடம் சொல்' என்பதே சரியான பாடம். தேடும்போது ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்தைவிட்டு நகரக் கூடாது, மற்றவர் முதலில் வெளிவாயில், படிக்கட்டு, தண்ணீர் இருக்கும் பக்கம் போக வேண்டும். ரயில் கதவு மூடிக் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் பின்னால் ஓடாமல் நிலைய ஊழியரிடம் உடனே சொல்லுங்கள், அடுத்த நிலையத்துக்கு அவர் தகவல் கொடுத்துவிடுவார்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறை இணைப்பில் பத்து இடங்களை மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் கழிப்பறை இருக்கும் இடம், நிலையத்திலிருந்து நடைதூரம் மீட்டரில், படிகளின் எண்ணிக்கை, லிஃப்ட் உள்ள வாயில், தண்ணீர் பிடிக்கும் இடம், உட்கார நிழல், கூட்டம் குறைந்த நேரம், தள்ளுவண்டியை உள்ளே விடுவார்களா என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் உங்கள் செய்தியாளர் ஒருவர் அந்த வழியில் ஒரு தள்ளுவண்டியை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்