திருநீற்றுப் புதனும் சக்கேயுவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கிய ஓலை எங்கள் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் நெருங்கியதும் கோயிலில் கொடுத்துவிடுவோம். அதை எரித்த சாம்பலைத்தான் தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று பங்குச்சாமியார் நெற்றியில் பூசி, 'மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்' என்பார். அப்புறம் நாற்பது நாள் கறி மீன் இல்லை. அதோடு நம்மில் பலர் பாவக் கணக்கை முடித்துவிடுகிறோம். இது என்னை உறுத்துகிறது.

பைபிளில் லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலித்தே பணக்காரர் ஆனவர். குள்ளமானவர் என்பதால் இயேசுவைப் பார்க்கக் காட்டு அத்தி மரத்தில் ஏறினார். இயேசு அவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. 'இன்று உமது வீட்டில் நான் தங்கவேண்டும்' என்றார். பாவியின் வீட்டில் தங்கப் போகிறாரே என்று ஊரே முணுமுணுத்தது. அந்த அன்பைக் கண்ட பிறகுதான், சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு என்று சக்கேயு எழுந்து சொல்கிறார். மீட்பு இலவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பெற்றவர் பிறர் பணத்தை வைத்துக்கொள்ளவில்லையே!

இந்தத் தவக்கால மறையுரைகளில் அந்த நான்கு மடங்கைப் பற்றியும் பேசுமாறு பங்குத்தந்தையரைக் கேட்டுக்கொள்கிறேன். கைமாற்றாக வாங்கிய தொகை ஒன்றை நானும் பல வருடம் கொடுக்காமல் இருந்தேன். போன தவக்காலத்தில்தான் வட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.