மதிலுக்கு வெளியேயும் கம்பஸ்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் திட்டம் கீறினாலும் மதிலுக்கு வெளியே இருக்கிற எங்கள் திருநெல்வேலி ஒழுங்கைகளையும் அதே வரைபடத்தில் சேர்க்க வேண்டும். 1921இல் சேர் பொன். இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் (கம்பஸ்) ஆரம்பித்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போதுமாக இருந்த இடம் அது. பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சியில் இருந்தும்கூட இங்கே நெரிசல்தான்.

வீதி நெரிசலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சரி. எனக்குப் பெரிய கவலை தண்ணீர். எங்களுக்கு ஆறு இல்லை, கிணறுதான். நாலு பேர் இருந்த வீட்டில் இப்போது பத்துப் பதினைந்து பிள்ளைகள் அறை எடுத்துத் தங்குகிறார்கள், ஆனால் மலசலகூடக் குழியும் கிணறும் பழைய இடத்திலேயே கிட்டக் கிட்ட இருக்கின்றன, கீழே சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளுக்குள்ளால் கழிவு சுலபமாக நிலத்தடி நீரில் போய்ச் சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகளும் குடிக்கிறார்கள், நாங்களும் குடிக்கிறோம். ஆகவே புது மாடிக் கட்டடங்களுக்கு முன்னர், வளாகத்துக்கும் அயலுக்கும் பொதுவாக ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு வேண்டும்.

அப்புறம் இராமநாதன் வீதியில் வேம்பு நிழலோடு ஒரு நடைபாதையும் சைக்கிளுக்குத் தனிப் பாதையும். வரைபடம் முடிவாவதற்கு முன்னரே எங்கள் வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைத்து எங்களையும் மாணவரையும் கேளுங்கள்.

திருநெல்வேலி வாசி