கும்பகோணம் கிளையில் அம்மாவுக்கு வாங்கிய லேப்டாப்: தவறான விலை அட்டை, தவறான ஆலோசனை, மாற்றித் தரக் கோரிக்கை

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். கடந்த 2025 ஜனவரி 12ஆம் தேதி, பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, உங்கள் கும்பகோணம் கிளையில் என் அம்மாவுக்காக 23,990 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். பில்லையும் கடையில் வைத்திருந்த விலை அட்டையின் போட்டோவையும் இணைத்திருக்கிறேன். இதற்கு முன் இரண்டு முறை கிளைக்குப் போன் செய்தேன், ஒரு முறை அம்மாவே பஸ் ஏறி நேரில் போனார். கிடைத்த பதில் ஒன்றுதான்: "லைட் யூஸுக்கு இது தாராளம்மா, நீங்கதான் நிறைய ஏத்தி வெச்சிட்டீங்க." இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வந்த அம்மா, தான் ஏதோ தெரியாமல் அழுத்திக் கெடுத்துவிட்டதாக நினைத்து ஒரு வாரம் அந்த லேப்டாப்பைத் தொடவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அம்மா எதையும் கெடுக்கவில்லை என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 67 வயது, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவர் என்னென்ன செய்வார் என்று உங்கள் விற்பனையாளரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஜூமில் தேவார வகுப்பு. அந்த வகுப்புக் குறிப்புகளைத் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வார். பென்ஷன் வரும் வங்கிக் கணக்கை நெட் பேங்கிங்கில் பார்ப்பார். அப்புறம் யூடியூப், வாட்ஸ்அப், பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள். கேம் கிடையாது, வீடியோ எடிட்டிங் கிடையாது. அவரிடம் இருந்தது 2015இல் வாங்கிய ஐந்தாம் தலைமுறை ஐ3 லேப்டாப். அதை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் நிற்பதாக அறிவிப்பு வந்திருந்தது, வங்கி வேலைக்கு அது சரிப்படாது என்பதால்தான் புதிது வாங்கவே வந்தோம். இதையும் சொன்னேன். என் பட்ஜெட் 35,000 வரை என்றும் சொன்னேன். "அவ்வளவு செலவே வேண்டாம் சார், அம்மா யூஸுக்கு இதுவே அதிகம்" என்று அவர்தான் கீழ்த்தட்டில் இருந்ததைக் காட்டினார். பணத்தை மிச்சப்படுத்தித் தருகிறாரே என்று அன்றைக்கு உண்மையிலேயே நன்றியோடுதான் கிளம்பினேன்.

அவர் காட்டியது செலரான் என்4020 பிராசஸர், 4 ஜிபி ரேம், அட்டையில் போட்டிருந்தபடி "64 ஜிபி எஸ்எஸ்டி". என் முதல் புகார் அந்த அட்டையைப் பற்றித்தான். உள்ளே இருப்பது எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் இல்லை, இஎம்எம்சி. மகாமகக் குளத்துப் பக்கம் இருக்கும் சர்வீஸ் கடைக்காரர் பார்த்துச் சொன்ன பிறகு பெட்டியின் அடியில் இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தேன், அங்கே இஎம்எம்சி என்றுதான் அச்சிட்டிருக்கிறது. ஆக, தயாரிப்பாளர் சரியாகப் போட்டிருக்கிறார், உங்கள் கடை அட்டையில்தான் எஸ்எஸ்டி ஆகியிருக்கிறது. இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. இஎம்எம்சி என்பது மெமரி கார்டு வகையைச் சேர்ந்த சேமிப்பகம். அதன் 5.1 தரத்துக்கு உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. பழைய சாட்டா வகை எஸ்எஸ்டியே 550 எம்பியைத் தொடும், இப்போது பெரும்பாலான லேப்டாப்புகளில் வரும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதைப் போலப் பல மடங்கு வேகம். வேகத்தைக்கூட விடுங்கள், இஎம்எம்சியைக் கழற்றி வேறொன்று போட முடியாது, போர்டோடு சேர்த்து ஒட்டியிருக்கும். 64 ஜிபி என்றால் அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுக்க 64தான்.

அந்த 64இலும் விண்டோஸ் காட்டுவது 58 ஜிபி சொச்சம். விண்டோஸும் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தவையும் போக, வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே மிச்சம் 24 ஜிபிதான் இருந்தது. பழைய லேப்டாப்பிலிருந்து அம்மாவின் போட்டோக்களை, மொத்தம் 14 ஜிபி, மாற்றிக் கொடுத்துவிட்டு நான் சென்னை வந்துவிட்டேன். மூன்றாவது வாரமே அம்மா போன் செய்தார்: சிவப்புக் கோடு காட்டுகிறது, அப்டேட்டுக்கு இடம் போதவில்லை, வெளியிலிருந்து டிரைவ் எதையாவது இணைக்கச் சொல்கிறது. பாதுகாப்பு அப்டேட்டுக்காக வாங்கிய லேப்டாப்பில் அப்டேட் ஏறவில்லை. பேரப்பிள்ளைகளின் படங்களில் எதை அழிப்பது என்று அம்மா என்னிடம் கேட்டார். 14 ஜிபி போட்டோ வைத்திருப்பதைத்தான் உங்கள் கிளை "நிறைய ஏத்திட்டீங்க" என்கிறது.

ஜூம் வகுப்பிலும் இதே அவஸ்தை. 4 ஜிபி ரேமில் திரைக்கான கிராஃபிக்ஸுக்கும் ஒரு பங்கு போய்விடுவதால் பயன்பாட்டுக்கு 3.8தான் கிடைக்கிறது. வகுப்பை மட்டும் திறந்து வைத்தாலே டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 100 சதவீதம் நிற்கிறது, குறிப்பு எழுதுகிற வேர்டையும் கூடவே திறந்தால் ஓதுவார் குரல் விட்டுவிட்டு வருகிறது. பண்ணோடு பாடக் கற்றுக்கொள்கிறவருக்குக் குரல் அறுந்து அறுந்து வந்தால் என்ன பயன்? என்4020 என்பது 2019இல் வந்த, 6 வாட்டில் ஓடுகிற, இரண்டே கோர் கொண்ட சிப். ஜூம் அம்மாவுக்கு லேசான வேலை. கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை, பத்துப் பேரின் வீடியோவை விரித்துக் காட்ட வேண்டும், அதே நேரத்தில் இங்கிருந்து போவதைச் சுருக்கி அனுப்பவும் வேண்டும். இது விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பின்னாடி ரேம் கூட்டிக்கலாம் சார்" என்றும் சொன்னார். கூட்ட முடியாது, இந்த மாடலில் ரேமும் போர்டோடு ஒட்டியதுதான்.

விண்டோஸ் 11 ஏறுவதற்குக் குறைந்தபட்சம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். நீங்கள் விற்றது சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறது. அது விண்டோஸ் ஏறுவதற்கான அளவு, மனிதர் உட்கார்ந்து வேலை செய்வதற்கான அளவு இல்லை. அதிலும் அம்மாவைப் போன்றவர்கள் ஒரு லேப்டாப் வாங்கினால் எட்டு, பத்து வருஷம் வைத்திருப்பவர்கள். டெம்ப் ஃபைலை எங்கே போய் அழிப்பது, எந்த புரோகிராமை நிறுத்தி வைப்பது என்று பார்த்துப் பார்த்து ஓட்டத் தெரிந்த ஆளுக்கு வேண்டுமானால் இது ஒப்பேறும். லைட் யூஸ் என்று சொல்லி வருகிறவர்களுக்குத்தான் அது தெரியாது.

இன்னும் இரண்டு விஷயம். லேப்டாப் எஸ் மோடில் வந்தது, அதாவது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறு எதையும் ஏற்ற முடியாது. அம்மா வருஷக்கணக்கில் பழகிய தமிழ் எழுதும் மென்பொருள் ஏறவில்லை. கிளையில் கேட்டதற்கு "சாஃப்ட்வேர் சர்வீஸ்" என்று 600 ரூபாய் வாங்கினார்கள். எஸ் மோடிலிருந்து வெளியே வர ஒரு பைசா செலவில்லை, ஸ்டோரில் நாலு கிளிக்கில் முடிகிற வேலை. அப்புறம், வாங்கிய அன்றே "இது இல்லாம பில் போட முடியாது" என்பதுபோலப் பேசி 1,499 ரூபாய்க்கு ஒரு ஆன்டிவைரஸ் தள்ளினார்கள். விண்டோஸோடு டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசமாகவே வருகிறது, அம்மாவின் உபயோகத்துக்கு அதுவே போதும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற மெஷினில் கூடுதலாக ஒரு ஆன்டிவைரஸ் ஓடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அம்மா எதில் வகுப்பு கேட்கிறார் தெரியுமா? அந்தப் பழைய 2015 லேப்டாப்பில். சர்வீஸ் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டு, ரேமையும் 8 ஜிபி ஆக்கிக் கொடுத்தார். மொத்தம் 3,800 ரூபாய் ஆனது. பத்து வருஷப் பழைய மெஷின் 20 நொடியில் திறக்கிறது, ஜூமும் வேர்டும் சேர்ந்து ஓடுகின்றன. 2025 அக்டோபர் வரைக்கும் அது தாங்கும். அன்றைக்கே உங்கள் ஆள் 8 ஜிபி ரேம், 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஐ3 அல்லது ரைசன் 3 என்று பக்கத்துத் தட்டில் இருந்த எதையாவது காட்டியிருந்தால் என் பட்ஜெட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். அந்தத் தம்பி மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை. அவர் கையில் கொடுத்த அட்டையைப் படித்துத்தான் அவர் பேசினார், அட்டை எழுதியது நீங்கள்.

நான் கேட்பது இதுதான். லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு 23,990 ரூபாயைத் தாருங்கள், அல்லது மேலே சொன்ன அளவில் வேறொன்று கொடுங்கள், வித்தியாசப் பணத்தை நான் கட்டுகிறேன். 600 ரூபாயும் 1,499 ரூபாயும் இரண்டு வழியிலும் திரும்ப வேண்டும். கிளையில் இன்னும் தொங்குகிற அந்த அட்டையைத் திருத்துங்கள், போன வாரம்கூட அதில் எஸ்எஸ்டி என்றே இருந்தது, அம்மாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள், தெரியும். ஆனால் ஒரு பொருள் இன்ன தரம் என்று பொய்யாகச் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம்கூட இல்லை. அதுவரை போக வேண்டாம் என்றுதான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். பதிலை எனக்கு மெயிலில் அனுப்புங்கள். அம்மாவைத் திரும்பவும் கிளைக்கு வரச் சொல்ல வேண்டாம், லேப்டாப்பை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புவதாக இருந்தால் செவ்வாய், வெள்ளி சாயங்காலம் தவிர எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெட்டி, சார்ஜர், பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கும்பகோணம் கிளையின் வாடிக்கையாளர்