பாட்டுக் கொப்பியையும் ஆய்வு செய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இசையில் பட்டமேற்படிப்பு செய்யும் மாணவர்களின் ஆய்வுகள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கீர்த்தனை, இராக இலக்கணம், வடமோடிக் கூத்து எல்லாம் நல்ல தலைப்புகள்தான். ஆனால் எங்கள் சனம் எதைக் கேட்டு வளர்ந்தது என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

நான் எண்பதுகளில் மட்டக்களப்பு நகரில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவன். ஆட்கள் விருப்பமான பாட்டுகளை எழுதிக் கொண்டுவருவார்கள். கசற்றில் பதிந்து கொடுப்போம். கேட்டதையெல்லாம் கொப்பியில் குறித்து வைப்பது கடை வழக்கம். அந்தக் கொப்பிகளில் ஒரே ஆளின் சி-60 கசற்றுக்கு ஒரு பக்கம் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்கள், மறுபக்கம் இளையராஜா, இடம் மிஞ்சினால் ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசை என்று எழுதியிருக்கும். நோன்பு மாதத்தில் காத்தான்குடிக்காரருக்கு நாகூர் ஹனிபா பதிந்தே கை ஓய்ந்துவிடும். ஹனிபாவைக் கேட்டு வந்த தமிழரும் உண்டு. கல்யாண வீட்டுக்காரர் மேளமும் வேண்டும், ஆடுவதற்குப் பைலாப் பாட்டும் வேண்டும் என்பார்கள்.

சரி, கடைக் கணக்கு எப்படி வரலாறாகும்? எந்த ஊர் எதைக் கேட்டது, எப்போது கேட்பதை விட்டது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். சுவாமி புறப்படும்போது மல்லாரி வாசிக்கும் அதே நாதஸ்வரக்காரர், சாமத்துக்குப் பிறகு சனம் கேட்கிற சினிமாப் பாட்டையும் வாசிக்கிறார். அந்த மெட்டை அவர் எப்படி இழுக்கிறார், எங்கே கமகம் சேர்க்கிறார், தவில்காரர் எப்படி நடையை மாற்றிக் கொடுக்கிறார்? மல்லாரிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறவர்கள் இதற்கு அடிக்குறிப்புக்கூட எழுதுவதில்லை. எங்கள் ஊரில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் கல்யாணத்தில் வயலினோடு ஆடிய கப்ரிஞ்ஞா ஆட்டமும் அப்படி விடுபட்டதுதான். பைலா அதிலிருந்து கிளைத்தது. எழுபதுகளின் தமிழ்ப் பொப்பிசையிலும் அந்தத் தாளம் கேட்கும்.

இதெல்லாம் ஆய்வுக்குத் தகுதியில்லை என்பவர்கள் விபுலாநந்த அடிகளை நினைக்கட்டும். காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் படித்து, யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய 'யாழ் நூல்' எங்கள் வாவியில் இரவில் கேட்கும் பாடுமீன் ஒலிக்கும் இடம் கொடுத்தது. மீனுக்கு இடம் கொடுத்தார், நாங்கள் மனோகரனுக்குக் கொடுக்க யோசிக்கிறோம்!

அண்மையில் ஒரு மாணவி கசற் காலம் பற்றிக் கேட்டு வந்தார். கெட்டிக்காரப் பிள்ளை. அப்புறம் ஆளைக் காணவில்லை. விசாரித்தால், "இது பத்திரிகைக் கட்டுரைக்குத்தான் சரி" என்று சொல்லித் தலைப்பை மாற்ற வைத்துவிட்டார்களாம். எங்கே படிக்கிறார் என்பது இங்கே வேண்டாம்.

ஆனால் காலம் நிற்காது. கல்லடி, நாவலடிக் கரையோர வீடுகளில் இருந்த கசற்றுகளை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடித்து, உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சும் கழன்று கிடக்கிறது. வேறு கசற்றின் கூட்டுக்கு நாடாவை மாற்றினால் பல இன்னும் பாடும். மேற்பார்வை செய்யும் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது இந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். எடுக்கும் பதிவுகளில் ஒரு பிரதியை நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுத்தால் அடுத்தவருக்கும் உதவும்.

என் கொப்பிகளை யாரும் வந்து பார்க்கலாம், படமெடுக்கலாம். இரவல் மட்டும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய ரெக்கோடிங் பார்க்காரன்,
மட்டக்களப்பு.