யாரோடு மலை ஏறுகிறாய்?

அன்புள்ள அம்மு,

ஆஸ்திரியாவில், இன்ஸ்ப்ரூக்கில் நீ டூரிங் ஸ்கீயும் பூட்ஸும் வாங்கிவிட்டாய் என்று அப்பா சொன்னார். எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான், பயம் அப்புறம் வந்தது. லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்குவது வேறு. பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீக்கு அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் குதிகாலைத் தூக்கி, ஆள் இல்லாத மலையில் மணிக்கணக்காக ஏறி, வந்த உயரத்தை நாமே இறங்குவது வேறு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை இங்கே கனடாவில் ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாய்க்குப் போனோம். நான், நர்ஸ் ஆன்ட்டி, ரயில்வே அங்கிள், கூட இந்தக் குளிர்காலத்தில்தான் எங்களோடு சேர்ந்த ஒரு பையன். அவனுக்கு உன் வயதுதான் இருக்கும். முந்தின இரவு கோல்டன் என்ற ஊரில் தங்கி, விடியும் முன்பே கிளம்பிவிட்டோம்.

அந்தக் கணவாய்க்குப் போகும்போதெல்லாம் எனக்கு 1910 நினைவுக்கு வரும். அந்த மார்ச் 4 இரவு, தண்டவாளத்தை மூடியிருந்த ஒரு பனிச்சரிவை அள்ளிக்கொண்டிருந்த ரயில்வே தொழிலாளர்கள் மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொன்று இறங்கியது. 58 பேர் செத்தார்கள். பாதிக்கு மேல் ஜப்பானியர்கள், பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். இன்றும் நெடுஞ்சாலையைக் காப்பாற்ற ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் மேலே சுட்டு, பனியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதனால்தான் எந்தச் சரிவுக்குப் போகலாம், எது மூடியிருக்கிறது என்று காலையில் பார்க்காமல் அங்கே யாரும் ஸ்கீயைக் கட்டுவதில்லை.

அன்று அவலாஞ்ச் கனடா தளத்தில் வந்த பனிச்சரிவு அறிக்கையில் மேல்மலைக்கு அபாய நிலை மூன்று. உங்கள் ஊரிலும் இதே ஐந்து படிதான். மூன்று என்றால் ஐந்தில் நடு, பரவாயில்லை என்று நினைத்துவிடாதே. நாலும் ஐந்தும் என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் கிளம்பிப் போகிறார்கள், அந்த நாள்களில்தான் நிறைய உயிர் போகிறது. பனிச்சரிவைக் கிளப்புவதும் பெரும்பாலும் அதில் மாட்டிக்கொள்கிறவரோ அவர் கூட வந்தவரோதான்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அங்கிள் முன்னால் போய் நின்றார். நாங்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனோம், பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டிக்கொள்ளும் ரேடியோக் கருவியான டிரான்ஸீவர் எல்லோருக்கும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. நீ அங்கே வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ்தான், வரும்போது உன்னுடையதையே கொண்டு வரலாம். பனிக்குள் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். அந்த நேரத்துக்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது. உன்னைத் தோண்டி எடுக்கப்போவது உன் கூட நிற்கும் நாலு பேர்தான்.

அசல்கன் பள்ளத்தாக்கில் ஏறினோம். தொடக்கத்தில் பழைய கிளேசியர் ஹவுஸ் ஹோட்டலின் இடிபாடுகள் பனிக்கு அடியில் கிடக்கின்றன. 1925-இல் மூடிய ஹோட்டல் அது. அப்புறம் ஓடையோரம் நீளமான மெதுவான ஏற்றம். மவுஸ்ட்ராப் என்ற இடத்தில் பல பனிச்சரிவுப் பாதைகள் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதைக் காலைக் குளிரிலேயே, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நல்ல இடைவெளி விட்டு, நிற்காமல் கடந்தோம்.

அதற்கு மேலே ட்ரீ ட்ரையாங்கிள், மரங்கள் நிற்கும் சரிவு. பாதி ஏறியதும் பையன் பனியை வெட்டிப் பார்த்தான். ஒரு முழம் ஆழத்தில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று ஓடியது. மேகமில்லாத குளிர் இரவுகளில் பனியின் மேல் இறகு வடிவப் படிகங்கள் வளரும். அடுத்த பனி அவற்றை நசுக்காமல் மூடிவிட்டால், வாரக்கணக்கில் அப்படியே ஒட்டாமல் இருக்கும், மேலே உள்ள பனி அதன் மேல் வழுக்கி இறங்கலாம். அந்தக் கோடு அதுதான். மேலே போனால் திறந்த சரிவு. அதனால் மர எல்லையோடு நின்றோம், அசல்கன் குடிசைக்குப் போகவில்லை.

இறங்கியதை எப்படிச் சொல்வேன்! முழங்கால் ஆழத்துக்குக் காய்ந்த புதுப்பனி. திருப்பத்துக்குத் திருப்பம் அது நெஞ்சு வரை எழும்பி முகத்தில் அடித்தது. நர்ஸ் ஆன்ட்டி சின்னப் பெண் மாதிரி கத்திக்கொண்டே போனார். கீழே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை ஏறலாம் என்றார் அங்கிள். எனக்கும் அதே ஆசைதான்.

பையன் மட்டும், மேலே வெயில் பட ஆரம்பித்துவிட்டது, திரும்பிப் போகும் வழியில் மவுஸ்ட்ராப் இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்றான். எங்களில் அனுபவம் குறைந்தவன் அவன்தான். யாரும் ஏன் என்று வாதாடவில்லை. அங்கிள் சரி என்று தலையாட்டி ஃபிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தார். எல்லோரும் திரும்பினோம்.

நாங்கள் கடந்தபோது அங்கே எதுவும் விழவில்லை, அதற்குப் பிறகும் விழுந்ததாகத் தகவல் இல்லை. அம்மு, இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். எதுவும் விழவில்லை என்பதால் அவன் சொன்னது தப்பு ஆகாது. மோசமான சரிவில் பல தடவை இறங்கியும் ஒன்றும் நடக்காமல் போகலாம். அப்போது நமக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு எண்ணம் வளர்ந்துவிடும். மலை உடனே திருத்தும் வாத்தியார் இல்லை. அதனால்தான் கூட வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. வலிமையாக ஏறுகிற, அழகாகச் சறுக்குகிற நண்பர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். கடைசியாக வந்தவள் வேண்டாம் என்றால், காரணம் கேட்டுக் குடையாமல், முகம் சுளிக்காமல் திரும்புகிறவர்களா என்று பார். வேண்டாம் என்று சொல்ல உனக்கே கூச்சமாக இருக்கும் கூட்டத்தோடு போகாதே, அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் சரி.

முதலில் ஒரு பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் சேர், பணம் நான் அனுப்புகிறேன். உங்கள் டிரோல் மாநிலத்தில் மறுநாளுக்கான பனிச்சரிவு அறிக்கை முந்தின மாலையே வந்துவிடும், அதைப் படித்துவிட்டு எங்கே போவது என்று முடிவு செய். ஆஸ்திரியாவில் மலை அவசரத்துக்கு எண் 140, போனில் போட்டு வை. எந்த வழியாக ஏறுகிறாய், எத்தனை மணிக்குள் இறங்குவாய் என்று உன் அறைத்தோழியிடம் சொல்லிவிட்டுப் போ.

பூட்ஸ் கடிக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாயாமே. வாங்கிய கடைக்கே கொண்டுபோய், உள்ளே இருக்கும் மெத்தை உறையான லைனரைச் சூடாக்கி உன் காலுக்கு ஏற்ற மாதிரி அமைத்துத் தரச் சொல். இந்த வாரமே போ, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா