சந்தா பாக்கி

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அப்பா எழுதுவது.

அன்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. என் பொறுப்பில் உள்ள சபைகளின் சேகர கமிட்டிக்காரர்கள் ரெண்டு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு, "சபைத் தேர்தலுக்கும் கட்சித் தேர்தலுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்ற கேள்விக்கு என்ன சொல்ல? அதான் பேப்பரை எடுத்தேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் தட்ட எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

நீ சொன்னதில் பெரும்பகுதி உண்மைதான் பாப்பா. அணி பிரிந்து நிற்கிறார்கள். பணம் விளையாடுகிறது. தோற்றவர் கோர்ட்டுக்குப் போகிறார், ஜெயித்தவரும் போகிறார், வக்கீலுக்குக் கொடுக்கிற பணம் யாரோ ஒரு அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்து போட்ட காணிக்கை. திருவிருந்துப் பீடத்தில் தோளோடு தோள் இடித்து முழங்கால்படியிட்ட இரண்டு பேர் வாசலில் செருப்பு மாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போதகருக்குச் சபை கொடுக்கிற பர்சனேஜ் வீட்டில் வளர்ந்த பிள்ளை நீ. ராத்திரி நேரத்தில் வந்து முன்னறையில் கத்துகிறவர்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள். உன்னிடம் இதற்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துக் காட்ட முடியாது.

ஆனால் நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நீ வேலைக்குப் போன பிறகு, இந்தச் செம்மணல் தேரி ஓரத்துச் சேகரத்துக்கு நாங்கள் மாற்றலாகி வந்த புதிதில் நடந்தது.

ஒரு பெரியவர் இறந்துபோனார். பனையேறி. முதுகு வளைந்த பிறகும் பதநீர்க் காலத்தில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கருப்பட்டிக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவர். ஊர்ச் சபையைக் கவனிக்கிற உபதேசியார் வந்து சாவு மணி அடிக்கலாமா என்று கேட்கிறார். கணக்கர் நோட்டைப் புரட்டுகிறார். சபைக்குக் கட்ட வேண்டிய சந்தா பல வருஷமாகப் பாக்கி. பாக்கி தீராமல் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பது கமிட்டித் தீர்மானம். வீட்டிலோ ஒரு வயதான அம்மாவைத் தவிர யாருமில்லை. நான் சத்தம் போட்டேன். போதகர் ஐயர் சத்தம் போட்டால் யார் கேட்கிறார்கள்? நாலு வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவர்தானே என்று நினைப்பார்கள். அப்போது, எந்த அணி அந்தத் தீர்மானத்தைப் போட்டதோ அதற்கு எதிரணிக்காரர் ஒருவர், அந்தப் பெரியவரோடு வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாதவர், சட்டைப் பையிலிருந்து எடுத்து மொத்தப் பாக்கியையும் கட்டினார். "ரசீதை அவர் பேருக்கே போடும்" என்றார். மணி அடித்தது. அடக்க ஆராதனையில் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியதும் அவர்தான்.

அதற்கு அடுத்த மாதமே இதே மனிதர் கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிரசங்கக் கதையாகிவிடும்.

சபை என்றால் எனக்கு இந்த இரண்டும்தான். நோட்டைப் புரட்டியதும் சபை, ரசீது போடச் சொன்னதும் சபை. இரண்டாவதை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனியாக ஒரு சபை கட்ட எத்தனையோ பேர் கிளம்பிப் போனார்கள். கொஞ்ச நாளில் அங்கேயும் ஒரு நோட்டு வந்துவிட்டது.

ஞாயிறுப் பள்ளியில் உனக்குக் கிளாரிந்தா அம்மாள் கதை சொல்லிக் கொடுத்திருப்பார்கள், பாளையங்கோட்டையில் முதல் கோயில் கட்டிய பிராமண விதவை என்று. அவர் ஞானஸ்நானம் கேட்டபோது முதலில் மறுக்கப்பட்டதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு ஆங்கிலேய அதிகாரியோடு கலியாணமில்லாமல் வாழ்ந்தார் என்பதால் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்கவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பெண்தான் மற்றவர்களைச் சேர்த்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். 1785இல் கோயில். நம் திருநெல்வேலிச் சீமைச் சபை வரலாறு அங்கேதான் ஆரம்பம்.

இன்னொன்று, அதைவிடக் கசப்பானது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டில்லாமல் நம் கோயிலில் ஒரு ஞாயிறும் போகாது. உன் பாட்டி படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், என் பேர் மறந்துபோன பிறகும், அவர் கீர்த்தனைகளைச் சரணம் தப்பாமல் பாடினார்கள். அந்தச் சாஸ்திரியார், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று மிஷனெரிகள் கண்டித்தபோது, அவர்களை எதிர்த்து எழுதினார். 1829இல் அவர் வேலையே போயிற்று. 1833இல் கல்கத்தா பிஷப் வில்சன், சாதி பேதத்தை உடனே அடியோடு விட்டாக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதற்கு இணங்காத ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். திருவிருந்தில் எல்லாரோடும் ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டோம் என்பதும் அவர்கள் சொன்னதில் ஒன்று. கர்த்தருடைய இரத்தம் என்று சொல்லிக் கொடுக்கிற பாத்திரம்!

நான் அவர் பாட்டைப் பாடுவதை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது, அது என் நாக்கில் ஊறிவிட்டது. ஆனால் பாடும்போது நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த ஓரம் என்று இன்றைக்கும் பேச்சு வரும்போது அந்த முள் எனக்கு உதவுகிறது. நம் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பிஷப்பான அசரியா 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டுக்குப் போய், அத்தனை மிஷனெரிகள் நடுவில், எங்களுக்காக எல்லாம் தியாகம் செய்கிறீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரனிடம் நாம் கேட்டது நியாயம். அதையே கீழத்தெருக்காரர் நம்மிடம் கேட்டால் நாம் என்ன கொடுத்தோம்? போன வருஷம் இதைப் பிரசங்கத்தில் சொன்னேன். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்க வந்தவர்கள் கொஞ்சம் குறைவு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மொபைலிலேயே ஆராதனை பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நல்ல பிரசங்கம், நல்ல இசை, நேரத்துக்கு முடிகிறது. என் பிரசங்கத்தைவிட நன்றாகத்தான் இருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. (காணிக்கை அனுப்பினால் கடன் தீரும், வீடு வரும் என்கிறவர்களை மட்டும் தள்ளி வை. அது சுவிசேஷம் இல்லை, சீட்டுக் கம்பெனி.) என் கவலை வேறு. அடுத்த ஞாயிறு நீ பார்க்காவிட்டால் யாருக்குத் தெரியும்?

இங்கே ரெண்டாம் மணி அடித்து முதல் பாட்டு முடிவதற்குள் யார் வரவில்லை என்று பெண்கள் பக்கம் கணக்கெடுத்துவிடும். வம்புக்குத்தான் முக்கால்வாசி. ஆனால் மத்தியானத்துக்குள் ஒருத்தி ரசம் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள். பனையிலிருந்து விழுந்து ஒரு இளைஞன் போனானே, நீகூட விசாரித்தாய். அந்த அடக்கத்தில் எனக்குப் பிரசங்கம் வரவில்லை. ஏன் என்று அவன் மனைவி கேட்டாள். எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் காரியம் கெட்டது. அதனால் ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டில் ஒரு மாதம் அடுப்பு எரியவில்லை. எரிய விடவில்லை. முறை போட்டுச் சோறு போயிற்று. முறை போட்டவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் பேசாதவர்கள். கடவுள் இருக்கிறாரா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். போதுமான பதில் இல்லை என்று நீ சொல்லுவாய். இதைவிடப் பெரியது என் கையில் இல்லை.

நம்பிக்கை குறைந்துவிட்டது என்று நீ சொன்னதற்கு நான் பயப்படவில்லை. இயேசு உயிர்த்தெழுந்ததைத் தோமா சந்தேகப்பட்டார், ஆனால் அடுத்த வாரம் மற்ற சீஷர்களோடு அதே அறையில்தான் இருந்தார். அவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை. அவ்வளவு போதும் எனக்கு. உனக்கு நம்பிக்கை வந்த பிறகு கோயிலுக்குப் போ என்று நான் சொல்ல மாட்டேன்.

பெங்களூரில் தமிழ் ஆராதனை நடக்கிற கோயில்கள் பல இருக்கின்றன. ஒன்றுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார். வெளியே வரும்போது யாராவது ஒரு அம்மா, "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் சில சமயம் வேறு கேள்வி ஒளிந்திருக்கும், அதுவும் உனக்குத் தெரியும். ஊரை மட்டும் சொல், அதற்கு மேல் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. ஆனால் மூணாவது ஞாயிறு நீ போகாவிட்டால், நாலாவது ஞாயிறு அதே அம்மா, "போன வாரம் காணோமே?" என்று கேட்பார்கள். எனக்கு அது வேண்டும். உன்னை ஒருவர் தேட வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால் வேறு கோயில் பார். நம் சபைப் பிரிவுக் கோயில்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் நம் வீட்டுப் பூசணிக்காய் ஆட்டு விலைக்குப் போனது. ரெண்டு அணித் தலைவர்களும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போனார்கள், கோயிலுக்கு லாபம். தேர்தலால் வந்த ஒரே நன்மை அதுதான் என்று அம்மா சொல்கிறாள். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனம் அடுத்த மாதம். இந்த வருஷமும் ஒரே பந்திதான், தனி வரிசை கிடையாது என்று கமிட்டியில் எழுதி வாங்கியிருக்கிறேன். பரிமாற ஆள் கம்மி. லீவு கிடைத்தால் வா, குழம்பு வாளியை உன்னிடம் கொடுக்கிறேன். ட்ரெயின் டிக்கெட் போட்டதும் அம்மாவுக்குச் சொல், எனக்கு அல்ல. நான் போனை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா