கவாத்து என்று சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

ஏற்காட்டு மலையின் நாகலூர், வெள்ளக்கடைச் சொந்தங்களுக்கும், மேட்டூரிலிருந்து மருமகளாக மலையேறிய தங்கச்சிக்கும், சேலத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

பைபிளில் இயேசுவின் கதையைச் சொல்லும் மாற்கு, யோவான் நற்செய்திகள் உங்கள் பேச்சிலேயே ஒலிப்பதிவாகிவிட்டன. மொழிபெயர்த்தவன் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. சொல்லில் பாதிக்கு மேல் உங்களுடையது.

"மலையிலயும் தமிழ்தானே, அதுக்கு எதுக்கு இன்னொரு தமிழ்?" என்று கீழே பலரும் கேட்டார்கள். நானும் அந்த நினைப்போடுதான் ஏறினேன். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி முடிந்தது. அன்று தொட்டு வளர்ந்த சபைத்தமிழ் எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். உங்களுக்கோ தாலுகா ஆபீஸ் கடிதத்தை யாரோ வாசிப்பதுபோல் இருந்திருக்கிறது. தலையாட்டிக் கேட்டீர்கள். "இப்ப நீங்க சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இயேசு சொன்ன விதைக்கிறவன் கதையில் சிக்கலே இல்லை. சாமை விதைத்தவர்களுக்குப் பாறைமேல் விழுந்த விதையைப் பற்றி நான் என்ன சொல்வது? இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசு வந்த இடத்தில் எல்லோரும் "சீ" என்றீர்கள். நியூ கினியின் சாவி மக்களிடம் இதே கதையைச் சொன்னபோது, நம்பவைத்துக் கழுத்தறுப்பதே அங்கே பெரிய சாமர்த்தியம் என்பதால், யூதாசைத்தான் மெச்சினார்களாம். அந்தச் சோதனை எனக்கு வரவில்லை. என்னைப் படுத்தியது கடலும் கொடியும்.

கலிலேயாக் கடல் என்பது உண்மையில் நன்னீர் ஏரி, சுமார் 21 கிலோமீட்டர் நீளம். கிரேக்கத்தில் இன்னொரு நற்செய்தியை எழுதிய லூக்காவும் அதை ஏரி என்றுதான் எழுதுகிறார். அதனால் துணிந்து 'ஏரி' போட்டேன். நாகலூர்ப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். ஏற்காட்டு ஏரியில் பெடல் படகு ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன். "அதுல எங்கீங்க அலை? விழுந்தா சேறுதான்." அப்போதுதான் மேட்டூர்த் தங்கச்சி வாயைத் திறந்தார். ஆடிக்காற்றில் அணைத்தண்ணீர் எழும்புவதையும், பரிசல் சுற்றுவதையும், மீன்பிடிக்கப் போன அப்பா கரை சேரும்வரை அம்மா படியிலேயே உட்கார்ந்திருப்பதையும் சொன்னார். அந்தக் குடிசையில் பேச்சு மூச்சில்லை. 'அணைத்தண்ணி மாதிரி பெரிய ஏரி' என்பது அவர் கொடுத்த சொல், அப்படியே வைத்திருக்கிறேன்.

'நானே திராட்சைக்கொடி' என்று இயேசு சொல்லும் கொடி விஷயத்தில் நான் ரொம்பக் கெட்டிக்காரனாகிவிட்டேன். திராட்சைத் தோட்டம் இவர்கள் கண்டதில்லையே, மிளகுக்கொடி என்று மாற்றினால் பிரமாதமாக இருக்கும் என்று பதிவே செய்துவிட்டேன். ஊர்க்கவுண்டர் ஐயா முழுசாகக் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மொளகுக்கொடி சில்வர் ஓக்கைப் புடிச்சுத்தானே நிக்கும். உங்க சாமி எந்த மரத்தைப் புடிச்சு நிக்குது?" பதில் இல்லை. அன்றிரவே அழித்துவிட்டுத் திராட்சைக்குத் திரும்பினேன். சேலம் சந்தையில் எல்லோரும் வாங்குகிற பழம்தானே.

அதற்கு அடுத்த வரியில் வெள்ளக்கடைப் பாட்டி பிடித்துக்கொண்டார். காய்க்கிற கிளையை இன்னும் காய்க்கும்படி 'சுத்தம்பண்ணுகிறார்' என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. "எதுக்குச் செடியக் கழுவுறாரு?" என்றார். நான் விளக்க விளக்கக் குழம்பியது. பாட்டி எழுந்து கொல்லைக் காப்பிச்செடிக்குக் கூட்டிப்போனார். காய் ஓய்ந்த கிளையைக் கத்தரித்தார். தண்டிலிருந்து நேராகக் கிளம்பிய நீர்ப்போத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒடித்தார், 'டக்'கென்று சத்தம். "இது தின்னுபுட்டு காய்க்காது. எடுத்தாத்தான் மத்தது புடிக்கும். கவாத்து." அவ்வளவுதான். ஏற்காட்டுத் தோட்டங்களில் தினம் புழங்குகிற சொல்லுக்கு நான் அகராதியில் முட்டிக்கொண்டிருந்தேன்.

தகரக்கூரை மழையில் ஒரு நாள் பதிவு முழுக்க வீணாகியும் மறுநாள் கோபிக்காமல் மறுபடி பேசிய அக்காமார்களுக்கும், இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒலிக்கருவிப் பெட்டியைத் தன் இருக்கை ஓரமாக வைத்துக்கொண்ட பஸ் டிரைவருக்கும், இரவெல்லாம் இரைச்சல் நீக்கிக் கொடுத்த சேலம் குகைப் பகுதித் தம்பிக்கும் நன்றி. எங்கள் வேதம் வேண்டாம், எங்களுக்கு எங்கள் மலைச்சாமி சேர்வராயன் போதும் என்று சொல்லிவிட்டும், சொல் சரிபார்க்க மட்டும் தவறாமல் வந்த பெரியவருக்குத் தனி வணக்கம். அவர் திருத்தியவைதான் அதிகம்.

அடுத்து லூக்கா. காப்பி எடுத்து முடிந்து கவாத்துக்கு ஆள் கூடும்போது வருகிறேன். பாட்டி, எனக்கும் ஒரு கத்தரி எடுத்து வையுங்கள்.